சூட்டுக்கோலும் நிழல்திரையும்: ‘தி சீட்’ படத்தின் பழி சுமந்தோர் வரலாறு

கணவனுக்குத் தெரியாமல் மனைவி பட்ட கடன், அக்கடனுக்கு ஈடாகக் கேட்கப்பட்ட உடல், அதைத் தொடர்ந்த துப்பாக்கிச் சூடு, இறுதியில் நீதிமன்றம் என நான்கு கண்ணிகளால் கோக்கப்பட்ட ‘தி சீட்’ என்னும் ஊமைப்படம் 1915 டிசம்பர் 13 அன்று அமெரிக்காவில் வெளியானது. ஏமாற்றும் ஆளைக் குறிக்கும் அந்த ஆங்கிலத் தலைப்பு ஆணைச் சுட்டுகிறதா பெண்ணைச் சுட்டுகிறதா என்பதைக் காட்டிக்கொடுப்பதில்லை. அதைத் தமிழில் பெயர்க்க முற்படும் எவரும் ‘ஏமாற்றுக்காரி’ என்றோ ‘ஏமாற்றுக்காரன்’ என்றோ ஒரு பாலைத் தேர்ந்தாக வேண்டும். கதைப்படி அறநிலையப் பணத்தைக் கையாடியவளும், கணவனிடம் பொய் சொன்னவளும், கொடுத்த வாக்கைத் தவறியவளும் மனைவியே. ஆயினும் படம் முடியும்போது பழி முழுவதும் அயல்நாட்டான் ஒருவனின் தலையில் இறங்கியிருக்கிறது. அந்த அயல்நாட்டான் எந்த நாட்டான் என்பது அடுத்த இருபத்திரண்டு ஆண்டுகளில் நான்கு முறை மாற்றப்பட்டது என்பதே இப்படத்தின் வரலாற்றைப் பிற ஊமைப்படங்களின் வரலாற்றிலிருந்து வேறுபடுத்துகிறது.

படத்தைத் தயாரித்த ஜெஸ்ஸி லாஸ்கி நிறுவனம் அப்போது இரண்டு வயதுக் குழந்தை. நாடகத் தயாரிப்பாளரான லாஸ்கியும், கையுறை வணிகத்திலிருந்து வந்த அவருடைய மைத்துனர் சாமுவேல் கோல்ட்ஃபிஷும் (பிற்காலத்தில் கோல்ட்வின் என்று பெயர் மாற்றிக்கொண்டவர்), நாடகக் குடும்பத்தில் பிறந்த செசில் பி. டிமில்லும் கூடி 1913-இல் தொடங்கிய இந்நிறுவனம், ஹாலிவுட்டின் வைன் தெருவும் செல்மா சாலையும் சந்திக்கும் இடத்திலிருந்த ஒரு தானியக் கொட்டகையை வாடகைக்கு எடுத்துத் தன் முதல் படத்தை எடுத்தது. தமிழில் படம் பார்க்கும் இடத்துக்குக் கொட்டகை என்று பெயர் நிலைத்தது. ஹாலிவுட்டிலோ படம் பிறந்த இடமே ஒரு கொட்டகை. ‘தி சீட்’ கதையை எழுதிய ஹெக்டர் டர்ன்புல் நாடக விமர்சகராக இருந்து திரைக்கு வந்தவர். அவருடன் சேர்ந்து திரைக்கதை அமைத்த ஜீனி மக்ஃபர்சன், பின்னர் பல்லாண்டுகள் டிமில்லின் படங்களுக்கு எழுதிய பெண் எழுத்தாளர். 1915-இன் இலையுதிர் காலத்தில் டிமில் இப்படத்தைப் பகலிலும் ‘தி கோல்டன் சான்ஸ்’ என்ற வேறொரு படத்தை இரவிலுமாக ஒரே சமயத்தில் இயக்கினார். ஏறத்தாழ 17,000 டாலர் செலவில் முடிந்த ‘தி சீட்’ 137,000 டாலருக்கு மேல் ஈட்டியது.

கதை நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டின் செல்வர் குடியிருப்பில் நிகழ்கிறது. பங்குச்சந்தையில் பணம் போட்டு அது பலுகும் நாளை எதிர்நோக்கியிருக்கும் ரிச்சர்ட் ஹார்டி, ஆடைகளுக்குச் செலவிடுவதைச் சில நாள் நிறுத்துமாறு மனைவி ஈடித்தைக் கேட்கிறான்; அவளோ செஞ்சிலுவைச் சங்கத்தின் பொருளாளராக, முதல் உலகப் போரில் சிதறிய பெல்ஜிய அகதிகளுக்கென்று திரட்டிய 10,000 டாலரைக் கணவனின் நண்பன் ஒருவனிடம் கொடுத்து, ஒரே நாளில் இரட்டிப்பாகும் என்ற ஆசையில் பங்குகளில் போடச் செய்து மொத்தத்தையும் இழக்கிறாள். அவளுடைய வட்டத்தில் நெருங்கிப் பழகும் ஜப்பானியத் தந்த வணிகன் ஹிஷுரு டோரி, அவள் தன்னிடம் வருவதாக ஒப்புக்கொண்டதன் பேரில் அத்தொகைக்குக் காசோலை எழுதித் தருகிறான். மறுநாளே கணவனின் பங்குகள் உயர்ந்துவிட, சீட்டாட்டத்தில் தோற்றதாகப் பொய் சொல்லி அவனிடம் 10,000 டாலர் பெற்று, டோரியின் கடனை அடைக்கச் செல்கிறாள் ஈடித். பணத்தை ஏற்க மறுக்கும் டோரி, தன் உடைமைகள் மீதெல்லாம் தன் இலச்சினையைப் பதிக்கும் சூட்டுக்கோலை எடுத்து அவளுடைய தோளில் சூடு போடுகிறான். அவள் அங்கே கிடந்த துப்பாக்கியால் அவனைச் சுட்டுவிட்டு ஓடுகிறாள். பின்தொடர்ந்து வந்த கணவன் குற்றத்தைத் தன்மேல் ஏற்றுக்கொண்டு சிறை செல்கிறான். நீதிமன்றத்தில் கணவன் குற்றவாளி என்று தீர்ப்பான கணத்தில் ஈடித் முன்னே பாய்ந்து, சுட்டவள் தானே என்று கூவி, தோளின் தழும்பைத் திறந்து காட்டுகிறாள். பார்வையாளர் கூட்டம், உயிர் பிழைத்திருந்த டோரியை அடித்துக் கொல்லப் பாய்கிறது, நீதிபதி தீர்ப்பை நீக்குகிறார், கணவனும் மனைவியும் கூட்டத்தின் நடுவே, புதிதாக மணமுடித்துத் தேவாலயத்திலிருந்து வெளிவருவோரைப் போல நடந்து வருகிறார்கள்.

இக்கதையில் உடல் அளவில் பிறழ்வுறவு நிகழ்வதே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நிகழ்வது ஒரு பேரமும் அப்பேரத்தின் முறிவும் மட்டுமே. அன்றைய நியூயார்க் மாநிலச் சட்டத்தை அருகில் வைத்துப் பார்த்தால் இந்தக் கவனத்தின் காரணம் விளங்கும். அம்மாநிலத்தில் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து 1960-களின் நடுப்பகுதி வரை மணமுறிவுக்கு ஏற்கப்பட்ட ஒரே காரணம் துணையின் பிறழ்வுறவு. 1907 முதல் அது குற்றவியல் சட்டப்படியும் தண்டனைக்குரியதாயிற்று. ஆகவே டோரியின் வீட்டுக்குள் ஈடித் இன்னும் சிறிது நேரம் தங்கியிருந்தால் அவள் மனைவி என்ற நிலையையே இழக்கத்தக்கவள் ஆகியிருப்பாள், கதையும் இறுதி ஊர்வலத்தை அடைந்திருக்காது. பணத்தை அவள் திருப்பித் தர முயன்றாள் என்பதைக் காட்டுவதற்காகவே கணவனின் பங்குகள் சொல்லிவைத்தாற்போல மறுநாள் காலையில் உயர்கின்றன. தற்செயலை நம்பி நிற்கும் இந்த முடிச்சு திரைக்கதையின் மிகப் பலவீனமான இடம் என்றே சொல்லலாம்.

அமெரிக்க நீதிமன்றங்களில் அக்காலத்தில் ‘எழுதப்படாத சட்டம்’ என்றொரு வழக்கு பேச்சில் இருந்தது. மனைவியின் மானத்தைக் குலைத்தவனைக் கணவன் கொன்றால், ஏட்டுச் சட்டம் எதைச் சொன்னாலும், நடுவர் குழு (தீர்ப்புக்கென்று பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்படுவோர்) அவனை விடுவித்துவிடும் என்ற நம்பிக்கையே அது. 1906 ஜூனில் நியூயார்க்கின் மாடிசன் சதுக்கத் தோட்டத்து மேல்மாடியில், புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஸ்டான்ஃபோர்ட் ஒயிட்டைச் செல்வர் ஹாரி தா சுட்டுக் கொன்ற வழக்கு இந்நம்பிக்கையை நாடறியச் செய்தது; தாவின் மனைவி ஈவ்லின் நெஸ்பிட் மணத்துக்கு முன் ஒயிட்டிடம் பட்ட துயரமே நீதிமன்றத்தில் வாதமாயிற்று, 1908-இல் நடந்த இரண்டாம் விசாரணையில் தா மனநிலை பிறழ்ந்தவர் என்ற அடிப்படையில் குற்றத்திலிருந்து விடுபட்டார். ‘தி சீட்’ படத்தின் நீதிமன்றக் காட்சி இவ்வழக்கத்தை ஓரடி மேலே கொண்டுசெல்கிறது: உண்மை தெரியாத நடுவர் குழு கணவனைக் குற்றவாளி என்கிறது, உண்மை வெளிப்பட்டதும் எழுதப்படாத சட்டத்தை நிறைவேற்ற நடுவர்களுக்காகக் காத்திராமல் கூட்டமே எழுகிறது. கறுப்பின மக்களைக் கும்பல் கூடி அடித்துக் கொல்வது தென்மாநிலங்களில் வழக்கமாயிருந்த காலம் அது. வெள்ளை முகமூடிக் கும்பலைக் காவலராகப் போற்றிய, இயக்குநர் கிரிஃபித்தின் ‘பர்த் ஆஃப் எ நேஷன்’ வெளியானதும் அதே 1915-இல்தான். அக்கூட்டத்தின் பாய்ச்சலைப் படம் கண்டிக்கவில்லை என்பது இன்று பார்ப்போருக்கு உறுத்தலாகவே இருக்கும்.

சூடு என்பது மாட்டின் மேல் உடைமையைக் காட்டப் போடப்படுவது. டோரி தன் பொருள்களின் மேல் அதைப் பதிக்கும் காட்சியோடு படம் தொடங்குவதால், அதே கோல் பின்னர் பெண்ணின் தோளுக்கு வரும்போது எழுத்து அட்டை எதுவும் (ஊமைப்படத்தில் காட்சிகளுக்கிடையே வசனத்தைக் காட்டும் அட்டை) விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் கணவனுக்கும் அவள் உடைமையாகவே இருந்தாள் என்பதையும் படம் தன்னையறியாமல் சொல்லிவிடுகிறது: இருவரும் ஒரே தொகைக்குக் காசோலை எழுதுகிறார்கள், இருவருடைய காசோலைக்கும் அவளே கணக்குச் சொல்ல வேண்டியவள். இவ்விரு உடைமையாளரில் ஒருவரைக் கொடியவராக்கியது செயல் மட்டுமன்று, இனமும் ஆகும். படம் எடுக்கப்பட்ட கலிஃபோர்னியாவில் வெள்ளையரும் ‘மங்கோலியர்’ என்று சட்டம் குறிப்பிட்ட கிழக்காசியரும் மணந்துகொள்வது 1905-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி செல்லாது. 1913-ஆம் ஆண்டு நிலச்சட்டம், குடியுரிமை பெறத் தகுதியற்ற அயலார் விளைநிலம் வாங்குவதைத் தடுத்து, ஜப்பானிய உழவர்களைக் குத்தகையாளராகவே நிறுத்தியது. இச்சூழலில், வெள்ளையரின் விருந்துகளில் சமமாக உலவி, அவர்களைவிட அதிகப் பணம் வைத்திருக்கும் ஒரு ஜப்பானியன் என்ற உருவமே பார்வையாளருக்கு அச்சமூட்டப் போதுமானதாயிருந்தது.

படத்தின் நிலைத்த புகழுக்குக் கதையைவிட ஒளியே காரணம். அதுவரை பெரும்பாலான படங்கள் கூரையற்ற மேடைகளில், மெல்லிய துணி வழியே வடிகட்டிய வெயிலில், முகமும் சுவரும் ஒரே வெளிச்சத்தில் தெரியும்படி எடுக்கப்பட்டன. நாடகமேதை டேவிட் பெலாஸ்கோவிடம் பணியாற்றிய வில்ஃப்ரெட் பக்லண்ட் கலை இயக்குநராகவும் ஆல்வின் வைகாஃப் ஒளிப்பதிவாளராகவும் டிமில்லுடன் சேர்ந்தபோது, கரிவில் விளக்குகளை ஒரு பக்கமாக மட்டும் வைத்து, மற்றதை இருளில் விடும் மேடை உத்தி திரைக்கு வந்து ‘லாஸ்கி ஒளி’ என்று பெயர் பெற்றது. பாதி முகம் இருட்டாயிருந்தால் திரையரங்கினர் பாதிப் பணமே தருவார்கள் என்று கோல்ட்ஃபிஷ் முறையிட்டதாகவும், இது ரெம்ப்ராண்ட் ஒளி என்று டிமில் பெயர் சூட்டியதும் அப்படியானால் இருமடங்கு கேட்கலாம் என்று அவர் மகிழ்ந்ததாகவும் டிமில் பிற்காலத்தில் சொன்ன கதை, அவ்வாண்டின் முற்பகுதியில் எடுத்த வேறொரு படத்தைப் பற்றியது. ஆயினும் அந்த ஒளி முழுமை பெற்றது ‘தி சீட்’ படத்தில்தான். முதற்காட்சியில் தணலடுப்பின் வெளிச்சம் கீழிருந்து டோரியின் முகத்தில் ஏறுகிறது. பின்னர், சிறைக் கம்பிகளின் நிழல் கணவன்மீதும் மனைவிமீதும் கோடிடுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, ‘ஷோஜி’ எனப்படும், மரச்சட்டத்தில் மெல்லிய தாள் ஒட்டிய ஜப்பானியத் தடுப்பு இருக்கிறது: அதன் பின்னால் நிற்பவர்கள் முன்னால் இருப்பவர்களுக்கு நிழலுருவங்களாகின்றனர், சுடப்பட்ட டோரி அதன்மேல் சாயும்போது குருதி தாளில் ஊறிப் பரவுகிறது. நிழலைத் திரையில் வீழ்த்திக் கதை சொல்லும் தோற்பாவைக் கூத்தை அறிந்த பார்வையாளர், திரைக்குள் இன்னொரு திரையை நிறுத்திய இந்த ஏற்பாட்டின் நுட்பத்தை எளிதில் உணர்வர்.

அத்திரையின்முன் நின்ற நடிகர் செஸ்ஸூ ஹயகவா. சிபா வட்டாரத்தில் பிறந்து அமெரிக்கா வந்து நாடக மேடையேறி, தயாரிப்பாளர் தாமஸ் இன்ஸின் ‘தி டைஃபூன்’ முதலிய படங்களால் 1914-இல் அறியப்பட்டவர். ஈடித்தாக நடித்த ஃபானி வார்ட், நாற்பதைக் கடந்தும் இளமை மாறாதவர் என்ற புகழோடு மேடையிலிருந்து வந்தவர். கணவனாக நடித்த ஜாக் டீனை அவர் பின்னர் உண்மையிலும் மணந்தார். மேடைப் பழக்கத்தில் வார்ட் கைகளை வீசி, கண்களை உருட்டி நடிக்க, ஹயகவா அசையாமல் நின்று, இமையை மட்டும் தாழ்த்தி, அவருடைய மிகையை மேலும் மிகையாகத் தோன்றச் செய்துவிட்டார். வில்லனாகப் படைக்கப்பட்டவர் பெண் பார்வையாளரின் கனவு நாயகனாக மாறியது தயாரிப்பாளர்கள் திட்டமிடாத விளைவு. பின்னர் இத்தகைய கனவு நாயகனாகப் புகழ்பெற்ற நடிகர் வாலன்டினோவுக்கு ஏறத்தாழ ஐந்தாண்டு முன்பே இது நிகழ்ந்தது.

1916-இல் ‘ஃபோர்ஃபெத்யூர்’ என்ற பெயரில் பாரிஸில் திரையிடப்பட்டபோது, போரின் நடுவிலிருந்த அந்நகரத்து அறிவாளர்கள் அதைக் கல்விக்கூடம் போலக் கருதிப் பார்த்தனர். புதின ஆசிரியர் கோலெத் பாராட்டி எழுதினார். நாடகத்தை நேசித்துத் திரையை இகழ்ந்துவந்த லூயி தெல்லுக் போன்றோர் திரையைக் கலையாக ஏற்கத் தொடங்கியதில் இப்படத்துக்குப் பெரும் பங்குண்டு. காமில் எர்லாஞ்சே இதை ஓபராவாக இசையமைத்தார். அவர் இறந்தபின் 1921-இல் பாரிஸின் ஓபரா கொமீக் அரங்கில் அது மேடையேறியது. திரையிலிருந்து இசைநாடகத்துக்குச் சென்ற முதற்கதை என்று அதைக் குறிப்பிடுவர்.

பாரிஸ் வியந்த அதே நடிப்பு லாஸ் ஏஞ்சல்ஸின் ஜப்பானியருக்கு அவமானமாயிற்று. அந்நகரின் ஜப்பானிய நாளேடான ‘ராஃபு ஷிம்போ’ படத்தையும் அதில் நடித்த ஹயகவாவையும் கடுமையாகத் தாக்கியது; தென் கலிஃபோர்னிய ஜப்பானியர் சங்கம் எதிர்ப்புத் தெரிவித்தது. அப்போது அது பயன் தரவில்லை. 1917 ஏப்ரலில் அமெரிக்கா போரில் இறங்கி, ஏற்கெனவே நேச நாடுகளின் பக்கம் இருந்த ஜப்பானுக்குத் தோழனான பிறகு நிலைமை மாறியது: 1918-இல் மறுவெளியீடு செய்யப்பட்டபோது எழுத்து அட்டைகள் மாற்றப்பட்டு, டோரி ‘ஹாகா அரகாவ்’ என்ற பர்மியத் தந்த அரசனானான். பர்மியப் பெயர் எதற்கும் ஒத்துவராத பெயர் அது. இரங்கூனில் கடைவைத்துப் பர்மியரோடு நாளும் பழகிய தமிழ் வணிகர்கள் கேட்டிருந்தால் நகைத்திருப்பர். ஏன் பர்மியன் என்பதற்கு விடை தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. பர்மா அப்போது பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். அதற்கென்று தூதரகமோ, அமெரிக்காவில் குரலெழுப்பத்தக்க குடியேறிகளின் கூட்டமோ நாளேடோ இல்லை. முறையிட ஆளில்லாத நாட்டின்மேல் பழி ஏற்றப்பட்டது.

1923-இல் ஜார்ஜ் ஃபிட்ஸ்மாரிஸ் போலா நெக்ரியை வைத்து எடுத்த மறுபதிப்பில் வில்லன் ராவ்-சிங் என்ற இந்திய இளவரசன். உண்மையில் இளவரசனும் அல்லன், இந்தியனும் அல்லன், வேடமிட்ட மோசடிக்காரன். அதே ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பகத் சிங் திண்ட் வழக்கில், இந்தியர் சட்டத்தின் பொருளில் வெள்ளையர் அல்லர், ஆகவே குடியுரிமைக்குத் தகுதியற்றவர் என்று தீர்ப்பளித்திருந்தது. 1931-இல் டலூலா பாங்க்ஹெட் நடித்து ஜார்ஜ் அபட் இயக்கிய பேசும்படத்தில் வில்லன் கீழை நாடுகளில் வாழ்ந்து திரும்பிய அமெரிக்கனே ஆனான். தீமை மட்டும் கிழக்கிலிருந்து கொண்டுவந்த சரக்காகக் காட்டப்பட்டது. 1937-இல் பிரான்ஸில் மார்செல் லெர்பியே கதையை மங்கோலியாவுக்கு மாற்றி, மங்கோலிய இளவரசனாக ஹயகவாவையே மீண்டும் நடிக்கவைத்தார்.

இதற்கிடையே டிமில் கற்றுக்கொண்ட பாடம் வேறு. மணவாழ்வின் மீறல் கொட்டகையை நிரப்பும் என்பதை உணர்ந்த அவர், சூட்டுக்கோலையும் துப்பாக்கியையும் விட்டுவிட்டு, ‘ஓல்ட் வைவ்ஸ் ஃபார் நியூ’, ‘டோன்ட் சேஞ்ச் யுவர் ஹஸ்பண்ட்’, ‘ஒய் சேஞ்ச் யுவர் வைஃப்?’ என 1918 முதல் 1920 வரை மணமுறிவைப் பட்டும் நகைச்சுவையுமாகத் தந்தார். திரைப்படம் வெறும் வணிகமே, பேச்சுரிமையின் காப்பு அதற்கில்லை என்று உச்ச நீதிமன்றம் 1915 பிப்ரவரியில் ஒஹாயோ தணிக்கை வழக்கில் கூறிவிட்டதால், மாநிலத் தணிக்கைக்கு அஞ்சிய ஹாலிவுட் தனக்குத் தானே விதிகளை வகுத்துக்கொண்டது. 1927-இல் தயாரிப்பாளர் சங்கம் வெளியிட்ட பட்டியலில் இனக்கலப்பு அறவே கூடாதவற்றுள் சேர்க்கப்பட்டது. மனிதருக்கோ விலங்குக்கோ சூடு போடுவது, மிகுந்த எச்சரிக்கையோடு கையாளவேண்டியவற்றுள் ஒன்றாக இடம்பெற்றது.

ஹயகவா 1918-இல் ஹாவர்த் என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கி, ‘தி டிராகன் பெயின்டர்’ போன்ற படங்களில் தம் இனத்தாரை மாண்புடையோராகக் காட்ட முயன்றார். ஜப்பானிய எதிர்ப்பு வலுத்த 1922-இல் ஹாலிவுட்டை விட்டு நீங்கினார். உலகம் அவரை மறுபடி நினைவுகூர்ந்தது 1957-இல், இலங்கையின் கித்துல்கலையில் களனி ஆற்றின் மீது மரப்பாலம் கட்டி எடுக்கப்பட்ட ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ படத்தில், சிறைமுகாம் தளபதி சைத்தோவாக அவர் தோன்றியபோதுதான். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர் மாண்ட சயாம்–பர்மா ரயில் பாதையைப் பற்றிய அப்படத்தில் அவர்களின் கதைக்கு இடமில்லை. ஹயகவாவுக்கோ அது சிறந்த துணை நடிகருக்கான ஆஸ்கர் பரிந்துரையைப் பெற்றுத் தந்தது.

‘தி சீட்’ 1993-இல் அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. இன்று காணக்கிடைப்பது 1918-ஆம் ஆண்டு மறுவெளியீட்டுப் பிரதியே. அதன் எழுத்து அட்டைகளில் பர்மிய அரசன் என்று அறிமுகமாகும் மனிதன் ஜப்பானிய உடை அணிந்து, ஷோஜித் தடுப்புகளுக்கிடையே அமர்ந்து, ‘டோரீ’ எனப்படும் ஜப்பானியக் கோயில் நுழைவாயிலின் வடிவில் அமைந்த சூட்டுக்கோலைத் தணலில் காய்ச்சுகிறான். அட்டையை மாற்றியவர்களால் அந்தக் கோலின் வடிவத்தை மாற்ற முடியவில்லை. ஈடித் நீதிமன்றத்தில் திறந்து காட்டும் தோளிலும் அதே வாயில்தான் பதிந்திருக்கிறது.